போகாத பதினெட்டு நாட்கள்

என் வலது முழங்கால் தொண்ணூற்றைந்து டிகிரி வரை மடங்கும். அதைத் தாண்டி மடங்காது. நாற்காலியில் உட்கார முடியும், பஸ் ஏற முடியும், தையல் மெஷினை மிதிக்க முடியும். சம்மணம் போட முடியாது. வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போட்டு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாராவது கேட்டால், "சின்ன வயசுல விழுந்துட்டேன்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். விழுந்தது உண்மைதான். கால் இப்படி நின்றுபோனதற்குக் காரணம் வேறு.

எண்பதுகளின் பின்பாதி அது. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். செஞ்சியில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் ஓர் உரக் கம்பெனி டிப்போவில் குமாஸ்தா. கம்பெனியின் பெரிய ஆபீஸ் மெட்ராஸில். செஞ்சியில் ஒரு குடோன், அதை ஒட்டி ஓர் அறை. மேனேஜர், இவர், ஒரு வாட்ச்மேன் என்று மூன்று பேர்தான் அங்கே வேலை.

எனக்குப் பிறந்த ஊர் அனந்தபுரம். ஏழு வயசில் அம்மா தவறிவிட்டாள். நைனா கூலி வேலைக்குப் போய், இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றி என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். நிலம் என்று கையகலம்கூட எங்களுக்கு இருந்ததில்லை. கல்யாணத்துக்கு அவர் வாங்கித் தந்த ஒரே பெரிய சாமான், காலால் மிதிக்கிற தையல் மெஷின். செஞ்சிக்கு வந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தேன். சாதா ஜாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய். என் கையில் புழங்கிய பணம் அதுதான்.

அந்த வருஷம் தீபாவளித் தையலெல்லாம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. நல்ல மழை. தெருவில் இருந்த அடி பம்பில் தண்ணீர் பிடித்துக் குடத்தை இடுப்பில் ஏற்றினேன். சிமெண்ட் மேடையில் பாசி. கால் வழுக்கியது. குடத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன், அதுதான் நான் செய்த தப்பு. கையை ஊன்ற முடியாமல் முழு உடம்பும் வலது முட்டியின்மேல் போய் விழுந்தது. மேடையின் விளிம்பு முட்டிச் சில்லில் இடித்த சத்தம் எனக்கே கேட்டது.

செஞ்சி அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "சில்லு ரெண்டா உடைஞ்சிருக்குது. ஆபரேஷன் பண்ணிக் கம்பி கட்டணும். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், அங்க பணம் ஆகாது" என்றார். சீட்டை வாங்கி என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாண்டிச்சேரிக்குப் போனோம். போனது பெரிய ஆஸ்பத்திரிக்கு அல்ல, ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்கு.

"இங்க ரொம்ப ஆகுமேங்க" என்றேன்.

"அங்க போனா வரிசையில கிடக்கணும். உன் காலு எனக்கு முக்கியமா இல்லையா?" என்றார்.

அந்தப் பேச்சை நான் ரொம்ப நாள் மனசில் வைத்திருந்தேன். வலியோடு படுத்திருக்கும்போதெல்லாம் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வேன். கல்யாணமான மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியது அது ஒரு முறைதான்.

பத்து நாள் அங்கே இருந்தேன். மூவாயிரத்து நானூறு ரூபாய் பில். என் வீட்டுக்காரர் சம்பளத்தில் அது நாலு மாசத்துக்கு மேல் வரும். நைனாதான் கொண்டுவந்து கட்டினார். இரண்டு மாட்டையும் விற்றிருந்தார், குறைந்ததற்கு எங்கேயோ கைமாற்று வாங்கியிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாட்ட பத்தி நீ ஏன் நினைக்கிற? நீ எழுந்து நட, அது போதும்" என்றார். அப்புறம் என் வீட்டுக்காரரும் அவரும் வராந்தாவில் நின்று ரொம்ப நேரம் பேசினார்கள். கட்டிலில் இருந்து எனக்குத் தெரிந்தது. இவர் நைனாவின் தோளில் கை வைத்திருந்தார். நைனா தலையாட்டிக்கொண்டே இருந்தார். மாமனாருக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து, எனக்கு நல்ல மனுஷன் வாய்த்திருக்கிறார் என்று நிம்மதியானேன்.

வீட்டுக்கு வந்து மாவுக்கட்டோடு ஆறு வாரம். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் ஆபீஸில் இருந்து மூன்று தாள் கொண்டுவந்தார். எல்லாம் இங்கிலீஷ். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தது.

"இன்னாங்க இது?"

"நர்சிங் ஹோம் ரெக்கார்டுக்குக் கேக்கிறாங்க. போடு."

நான் பத்தாவது படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்திருந்தால் ஓரளவு விளங்கியிருக்கும். படிக்கத் தோன்றவில்லை. குறி போட்ட இடத்திலெல்லாம் தமிழில் என் பெயரை எழுதினேன். தாளின் மை காய்வதற்காக அவர் ஊதியதுகூட ஞாபகம் இருக்கிறது.

கட்டுப் பிரித்தபோது என் காலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தொடை வற்றிக் குச்சியாக இருந்தது. மடக்கப் பார்த்தால் முட்டி நகரவில்லை. "எலும்பு நல்லா சேர்ந்திருச்சு. இனிமே தெரபிதான். ஒருநாள் விட்டு ஒருநாள், முப்பது தடவ. இதை விட்டுட்டா கால் இப்படியே நின்னுடும்" என்று டாக்டர் சொல்லி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். செஞ்சியில் அப்போது அதற்கு ஆள் கிடையாது. பக்கத்தில் என்றால் திண்டிவனம்.

திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் ஓர் அம்மா தெரபி அறை வைத்திருந்தார். என்னைவிட ஓரிரண்டு வயசு கூட இருக்கலாம். முதல் தடவை என் வீட்டுக்காரர் கூட வந்தார். "டாக்டரம்மா" என்று நான் கூப்பிட்டதற்கு, "நான் டாக்டர் இல்லக்கா, தெரபிஸ்ட். அக்கான்னே கூப்பிட்டுக்கலாம் ரெண்டு பேரும்" என்று சிரித்தார். ஒரு தடவைக்கு இருபது ரூபாய் என்றார். இவர் வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

இரண்டாம் தடவையில் இருந்து நான் தனியாகத்தான் போனேன். கையில் ஊன்றுகோல். பஸ் படியில் இடது காலை வைத்து, கம்பியைப் பிடித்து வலது காலைப் பக்கவாட்டில் இழுத்து ஏற்றுவேன். காலை நீட்டிக்கொள்ள முன் சீட்டில் கண்டக்டர் இடம் கொடுப்பார்.

அந்த இரண்டாம் தடவையில்தான் அந்தம்மா கேட்டார். "பில் வேணுமாக்கா? இன்சூரன்ஸ் ஏதாவது இருக்குதா?"

"எங்களுக்கு ஏதுக்கா இன்சூரன்ஸ்? நான் ஜாக்கெட் தைச்சு வச்ச காசுல வரேன்" என்றேன். அப்போது எனக்குத் தெரிந்த இன்சூரன்ஸ், ஆள் செத்தால் குடும்பத்துக்கு வருகிற பணம்.

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப பதினஞ்சு குடுங்க, போதும். இன்சூரன்ஸ் இருக்கிறவங்ககிட்ட இருபது வாங்குவேன், அவங்களுக்குத் திரும்பி வந்துடும். கையில இருந்து போடறவங்களுக்கு அஞ்சு குறைச்சுக்கிறது."

பதினைந்து ரூபாய் என்றால் மூன்று ஜாக்கெட். பஸ்ஸுக்குப் போக வர ஆறு ரூபாய். சேர்த்தால் நாலு ஜாக்கெட்டுக்கு மேல். டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து எடுத்துப் போனேன். கால் சரியானால்தான் மெஷினை மிதிக்க முடியும், மெஷினை மிதித்தால்தான் காசு வரும் என்பதால் அது எனக்கு வீண் செலவாகத் தோன்றவில்லை.

சிகிச்சை என்றால் வலிதான். உருக்கிய மெழுகை முட்டியில் பூசித் துணியைச் சுற்றி வைப்பார். அது ஆறியதும் உரித்துவிட்டு, கரண்ட் பெட்டியில் இருந்து வருகிற ஒயரைக் கட்டி சூடு வைப்பார். அது வரைக்கும் சுகமாக இருக்கும். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிட்டு, கணுக்காலில் கை வைத்து மெல்ல மெல்ல அழுத்துவார். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வேன். கடைசியில் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிற பாகைமானி மாதிரி ஒன்றை முட்டியின்மேல் வைத்து அளந்து, ஒரு நோட்டில் எழுதுவார்.

முதல் நாள் இருபத்தைந்து. நாலாவது தடவை நாற்பது. எட்டாவது தடவை ஐம்பத்தைந்து. பன்னிரண்டாவது தடவை எழுபது. "தொண்ணூறு வந்தா நாற்காலி. நூத்திப் பத்து வந்தா மாடிப்படி. நூத்தி முப்பது வந்துட்டா நீங்க தரையில உக்காரலாம். முப்பதாவது நாள் உங்கள உக்கார வச்சுத்தான் அனுப்புவேன்" என்று சொல்வார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த எண்ணைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவேன்.

பன்னிரண்டாவது தடவை போய் வந்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"இனிமே போவ வேணாம்."

"ஏங்க? எழுபது வந்திருக்குது. இன்னும் பதினெட்டு தடவதான்."

"உன் காசு முடிஞ்சிடுச்சு இல்ல? மீதிக்கு நான் எங்க போவேன்? அவங்க பண்றத நீ வீட்லயே பண்ணு. காலுல செங்கல்லக் கட்டித் தொங்கவிட்டா ஆவாதா?"

நைனா மாடுகளை விற்றது என் கண்ணில் நின்றது. இந்தக் காலால் எல்லோருக்கும் எவ்வளவு செலவு என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அடுத்த நாளில் இருந்து செங்கல்லைப் பழந்துணியில் சுற்றிக் கணுக்காலில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மெழுகும் இல்லை, சூடும் இல்லை, அழுத்த ஆளும் இல்லை. வலித்தால் நானே நிறுத்திவிடுவேன். ஒரு மாசத்தில் முட்டி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பிறகு மெல்ல விறைக்கத் தொடங்கியது. மெஷினை இடது காலால் மட்டும் மிதித்துப் பார்த்தேன். நூல் அறுந்தது, தையல் கோணியது. துணி கொடுத்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

பங்குனியில் ஒருநாள் வீட்டு வாசலில் புது மொபெட் வந்து நின்றது. சிவப்பு நிறம். ஹேண்டில் பாரில் மாலை, முன்விளக்கின் நெற்றியில் சந்தனப் பொட்டு.

"ஆபீஸ்ல லோன் குடுத்தாங்க. மாசம் மாசம் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க" என்றார்.

நான் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லத் தேவையில்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். சைக்கிளில் கிராமம் கிராமமாகப் பாக்கி வசூலுக்குப் போய்க் களைத்து வருகிறவர். முதல் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் உட்கார வைத்து அனந்தபுரம் கூட்டிப்போனார். வலது கால் மடங்காததால் ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டே வந்தேன். எதிரில் லாரி வரும்போதெல்லாம் அவர் ஓரம் கட்டி நிறுத்த வேண்டியிருந்தது. "கால கொஞ்சம் உள்ள இழேன்" என்று இரண்டு மூன்று தடவை சலித்துக்கொண்டார். நைனா மொபெட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். சீட்டைத் தடவினார். ஒன்றும் கேட்கவில்லை.

ஆனி மாசம். மேனேஜருடைய மனைவி ஒரு பட்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கை இறுக்கமாக இருக்கிறது, பிரித்துவிட வேண்டும் என்று. பிரிக்கிற வேலைக்கு மெஷின் வேண்டாம், கையாலேயே செய்யலாம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னுமா சரியாவல? அவ்ளோ நாள் தெரபிக்குப் போனீங்களே" என்றார்.

"பன்னண்டு தடவதான் போனேன். அதுக்கு மேல பணம் இல்ல."

அவர் ஒரு மாதிரி பார்த்தார். "பணம்தான் முழுசா வந்துடுச்சே. எங்க வீட்டுக்காரருக்குக் குடல்வால் ஆபரேஷனுக்குப் பாதிதான் குடுத்தாங்க. உங்க வீட்டுக்காரர் எல்லா பில்லும் கரெக்டா வச்சாரு, ஆஸ்பத்திரி, தெரபி முப்பது நாளு, எல்லாம் சேர்த்து நாலாயிரம் அப்படியே வந்துட்டுது, அவர மாதிரி சாமர்த்தியம் வேணும்னு இவர் வீட்ல சொல்லிக்கினே இருப்பாரு."

என் கையில் இருந்த கத்திரி பட்டில் இறங்கிவிட்டது. தையலைத் தாண்டி ஒரு விரல்கடை கிழிந்தது. அந்தக் கிழிசலைப் பார்த்து அவர் முகம் மாறியதும், நான் மன்னிப்புக் கேட்டதும், இழை தெரியாமல் ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னதும் எல்லாம் நடந்தது. இன்சூரன்ஸைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியக்கூடாது என்று இருந்தது. அந்த நேரத்தில் அதுதான் எனக்குப் பெரிய மானப் பிரச்சினையாக இருந்தது.

மறுநாள் என் வீட்டுக்காரர் ஆபீஸ் போனதும் திண்டிவனம் பஸ் ஏறினேன். தெரபி அறையில் வேறு ஒருவர் படுத்திருந்தார். அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "உக்காருங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஆள் போன பிறகுதான் பேசினார்.

"ஏன் வரல? மீதி பதினெட்டு நாளுக்கும் பில் போட்டுக் குடுத்தேனே. பணம் வந்ததும் மொத்தமா கட்டிடறேன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. கட்டவும் இல்ல, நீங்களும் வரல."

"அவர் எப்பக்கா வந்தாரு?"

"நீங்க பன்னண்டாவது தடவ வந்துட்டுப் போன மறுநாள். தனியாத்தான் வந்தாரு. கெடு முடியப் போவுது, அதுக்குள்ள பில் வச்சாகணும்னாரு. நீங்க எப்படியும் வரப்போறவங்கதானேன்னு நம்பி, முப்பது நாளுக்கும் இருபது ரூபா போட்டு எழுதிக் குடுத்தேன். இன்சூரன்ஸ் இல்லன்னு எங்கிட்ட சொல்லிட்டு, உள்ளுக்குள்ள இப்படியான்னு உங்க மேலதான் எனக்குக் கோபம்."

பில் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டிக் காட்டினார். என் பெயர், முப்பது தடவை, அறுநூறு ரூபாய்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று அப்போது தெரியவில்லை. எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். சில கம்பெனிகள் வேலை செய்கிறவர்களுக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து வைத்திய இன்சூரன்ஸ் எடுத்திருக்கும். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம். படுத்து வந்த பிறகு, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், குறிப்பிட்ட நாளுக்குள் செய்கிற தெரபிக்கும் சேர்த்துக் கிடைக்கும். வெறும் முட்டி வலி என்று வந்தால் ஒரு பைசா கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் செலவே இல்லை, ஆனால் பில்லும் இருக்காது.

கடைசியாகச் சொன்னது எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அரசாங்க டாக்டர் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னை நர்சிங் ஹோமுக்கு ஏன் கூட்டிப்போனார் என்று அப்போதுதான் விளங்கியது. உன் காலு எனக்கு முக்கியமா இல்லையா என்று கேட்டாரே, அந்த வார்த்தையும் சேர்ந்து உடைந்தது. பணத்தை எடுத்துக்கொண்டதைக்கூட எப்படியோ தாங்கியிருப்பேன். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அத்தனை நாள் வலியைப் பொறுத்திருக்கிறேன்.

சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும் வரை காத்திருந்தேன்.

"திண்டிவனம் போயிருந்தேன். பில்லப் பாத்தேன்."

அவர் திரும்பவில்லை. ஆணியில் மாட்டிய சட்டையையே சரி செய்துகொண்டிருந்தார்.

"யாரு சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா? நாலாயிரம் வந்துதா இல்லையா?"

"வந்தது. நானா சூதாடிட்டேன்? குடிச்சிட்டேன்? வண்டி வாங்கினேன். வண்டி நம்ம வீட்டு வாசல்லதானே நிக்குது."

"நைனாவுக்கு மாடு இல்ல."

"அவரு பொண்ணுக்கு அவரு செஞ்சாரு. எந்த அப்பன் செய்ய மாட்டான்?" இப்போது திரும்பினார். "அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது நீதானே? உன் கையெழுத்து இல்லாம ஒரு ரூபா வந்திருக்குமா?"

கையெழுத்து என்னுடையதுதான். அதை விட்டுவிட்டு வேறு கேட்டேன்.

"முப்பது தடவ போனேன்னு எழுதிக் குடுத்தீங்க இல்ல. அந்தப் பதினெட்டு தடவயும் என்னை அனுப்பியிருக்கலாமே. அந்தக் காசுல வண்டிக்கு எவ்ளோ குறைஞ்சிருக்கும்?"

அவர் கணக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு கணம் நின்றார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு கை கால் கழுவப் போனார். திரும்பி வந்து சாப்பாடு கேட்டார். போட்டேன். அதற்குப் பிறகு அவர் சாகும் வரை இந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை.

அந்த வாரமே அனந்தபுரம் போனேன். வழியெல்லாம் நைனாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசனை. கேட்டால் உடைந்துபோவார், மாப்பிள்ளையை அடிக்கப் போவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். மாடு கட்டியிருந்த கொட்டகையில் யாருடையதோ வைக்கோலை அடுக்கிக்கொண்டிருந்தார். மாட்டை விற்ற பிறகு அந்தக் கூலிக்கும் போய்க்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல, வைக்கோலில் இருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

"தெரியும்மா" என்றார்.

"இன்னா தெரியும்?"

"ஆபீஸ்ல பணம் வரும்னு தெரியும். ஆஸ்பத்திரியிலயே மாப்ள சொன்னாரு. மாமா இப்ப நீங்க கட்டுங்க, வந்ததும் அப்படியே உங்க கையில குடுத்துடறேன்னாரு. புது வண்டியப் பாத்ததும் இன்னா ஆச்சுன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கேப்ப. கேட்டா சண்ட வரும். தாயில்லாத பொண்ணு நீ, வாழ்க்கை வேணாம்னு இங்க வந்து உக்காந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்? மாடு போனது போனதா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"தெரபிய நிறுத்தினது தெரியுமா நைனா?"

அப்போதுதான் வைக்கோலை விட்டு நிமிர்ந்தார். "நிறுத்திட்டாரா? முடிஞ்சிடுச்சுன்னு இல்ல சொன்னாரு."

அவர் கண் கலங்கியது. எனக்கு அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. என் முட்டிக்கு வந்த பணத்தைப் பற்றி என் வீட்டுக்காரருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், மேனேஜர் மனைவிக்குத் தெரியும், நைனாவுக்கும் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தோளில் கை வைத்துப் பேசியது அதைத்தான். தெரியாதவள் நான் ஒருத்தி. என் நல்லதுக்காகத்தான் மறைத்தார் என்று அன்றைக்கே புரிந்தது. புரிந்தும், அவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடிக்காமல் கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டேன்.

பட்டு ஜாக்கெட்டுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். மேனேஜர் மனைவி கூலி கொடுக்க வந்ததை வாங்கவில்லை. கடைத்தெருவில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற முஸ்லிம் பெரியவரிடம் போய், காலால் மிதிக்க முடியவில்லை என்று சொன்னேன். "கைப்பிடி போட்டுக்கம்மா, அதுக்கு இன்னா?" என்று சக்கரத்தில் ஒரு கைப்பிடி மாட்டிக் கொடுத்தார். வலது கையால் சுற்றி இடது கையால் துணியைத் தள்ளிப் பழக இரண்டு வாரம் பிடித்தது. வேகம் பாதிதான். பாவாடை, தலையணை உறை, மூட்டைப் பை என்று நேர்த்தையல் வேலையாகப் பார்த்து வாங்கினேன்.

ஆடி பிறந்ததும் மறுபடி திண்டிவனம் போக ஆரம்பித்தேன். அந்தம்மா அளந்தபோது எழுபது, அறுபதாகக் குறைந்திருந்தது.

"ஆறு மாசம் போச்சேக்கா. உள்ள சதை ஒட்டிப் போயிருக்கும். அப்ப வந்திருந்தா நூத்தி முப்பது வந்திருக்கும். இப்ப எனக்கு அந்த நம்பிக்கை இல்ல. வர்ற வரைக்கும் பாப்போம்" என்றார்.

"எவ்ளோக்கா தரணும்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "பதினெட்டுக்கும் பில் போட்டாச்சு. பணம் வாங்காம பில் எழுதினது என் தப்பு. சும்மாவே வாங்க."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேசிப் பேசிப் பத்து ரூபாயில் நின்றது. அந்தப் பதினெட்டும் முந்தைய பன்னிரண்டை விடக் கொடுமையாக இருந்தன. முட்டிக்குள் ஏதோ கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதுதான் நல்லது என்பார். போகிற நாளும் வருகிற நாளும் என் வீட்டுக்காரருக்குத் தெரியும். பணம் எங்கே இருந்து வருகிறது என்று கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் காலையில், "நான் வேணா வண்டியில கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கடைசித் தடவை அளந்தபோது தொண்ணூற்றைந்து. அந்தம்மா இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

ஐப்பசியில் மறுபடி மெஷினைக் காலால் மிதித்தேன். அந்தத் தீபாவளிக்கு நாற்பத்திரண்டு ஜாக்கெட். அடுத்த வருஷம் கடைத்தெருவில் சின்ன அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். நைனாவுக்கு மாசம் ஐம்பது ரூபாய் மணியார்டர் அனுப்ப ஆரம்பித்தேன், அவர் இருக்கும்வரை அனுப்பினேன். ஊருக்குப் போவது பொங்கலுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அவர் அடிக்கடி வருவார். வந்தால் முட்டியைத்தான் முதலில் பார்ப்பார், எதுவும் கேட்க மாட்டார். அவரிடம் பழையபடி பேச எனக்கு ஆசை இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று கடைசி வரை தெரியவில்லை.

மூன்று வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே வீடு பார்த்துவிட்டு வந்து, சாமானைக் கட்டச் சொன்னார். நான் வரவில்லை என்றேன். இங்கே வாடிக்கை இருக்கிறது, அந்த வருஷம் பிறந்த பெண் இன்னும் கைக்குழந்தை, அங்கே போய் யாரைத் தெரியும் என்று காரணங்கள் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடியற்காலை கிளம்புவார். ஒன்பது வருஷம் அப்படியே ஓடியது. தொழில்மேல் எனக்கு அவ்வளவு பிடிப்பு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.